அம்ப் பழுதில்லை அண்ணை

பாட்டில் பேஸ் விழுகிற இடம் வரும். 'டும்' என்று ஒன்று. அதோடு சரி. வானுக்குள் இருக்கிற பெடியள் எல்லாரும் சேர்ந்து "ஓ..." என்று கத்துவார்கள். நாலைந்து செக்கனில் அம்ப் திரும்ப உயிர் பெறும், அடுத்த 'டும்' வரும், திரும்ப அடங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை போய்வந்த ஒரு ட்ரிப் முழுக்க இதுதான் கதை. கடைசியில் பேசின காசில் 5,000 ரூபாவைக் குறைத்துத்தான் அண்ணாவின் கையில் கொடுத்தார்கள். "பாட்டில்லாத வானுக்கு முழுக்காசோ அண்ணை?" என்று கேட்டானாம் ஒருத்தன்.

அண்ணா ஓடுவது ஒரு பழைய டொல்பின் வான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். திறந்த பிறகு வந்த விலையைக் கேட்டால் எங்கட வீட்டில் யாரும் புது வான் என்ற கதையை எடுக்க மாட்டார்கள். புது வான் வாங்க வழியில்லாதவன் பழைய வானுக்குள் லைற் பூட்டுகிறான், சவுண்ட் போடுகிறான். ஹயர் பிடிக்க வேறு வழி இல்லை. பெடியள் வான் பேச வந்தால் முதல் கேள்வி "ஏசி இருக்கோ", இரண்டாவது "சப் எத்தினை?" எங்கட வானில் இரண்டு. பின் சீற்றை எடுத்துவிட்டுத்தான் அந்தப் பொக்ஸை வைத்தோம். அதாவது மூன்று பேர் இருக்கிற இடத்தை விற்றுச் சத்தம் வாங்கினோம்.

இதை வாசிக்கிற சிலர் "உந்தச் சத்தம் நிண்டதே புண்ணியம்" என்று நினைப்பீர்கள். எனக்கும் சோதனைக் காலத்தில் ரோட்டால் போகிற சப் வானைக் கேட்டால் பல்லைக் கடிக்கத்தான் வரும். அது வேறு கட்டுரை. இது 38,000 ரூபாவைப் பற்றினது.

ட்ரிப் முடிந்த அடுத்த நாள் அண்ணா டவுனில் இருக்கிற ஒரு சவுண்ட் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் வானுக்குள் ஏறினார், செற்றைப் போட்டார், சத்தத்தைக் கூட்டினார். அம்பில் சிவப்பு லைற் பத்தியது. "அம்ப் போட்டுது தம்பி. மாத்துறதுதான் வழி." முழுப் பரிசோதனையும் இரண்டு நிமிசம். ஒரு வயரைத் தொடவில்லை, ஒரு மீற்றரை எடுக்கவில்லை. புது அம்ப் 38,000. பழசை 3,000க்கு எடுத்துக்கொண்டார்கள். புதுசின் பெட்டியில் '3000 வாற்ஸ்' என்று தங்க நிற எழுத்தில் போட்டிருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கலியாண ஹயர். 'டும்'. சிவப்பு லைற்.

அந்தச் சிவப்பு லைற் என்ன சொல்கிறது என்பதைத்தான் அந்தக் கடையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அது அம்ப் தன்னைத் தானே நிற்பாட்டியிருக்கிறது என்ற அறிவித்தல். கார் அம்புகளுக்குள் காவல் சுற்று ஒன்று இருக்கிறது. உள்ளே வருகிற அழுத்தம் மிகவும் இறங்கினாலோ, வெளியே போகிற மின்னோட்டம் எல்லை தாண்டினாலோ, உடம்பு சூடேறினாலோ அது கதவைச் சாத்தும். நிலைமை சரியானதும் திறக்கும். செத்த அம்ப் நாலு செக்கனில் எழும்பி வராது. எங்களுடையது ஒவ்வொரு முறையும் எழும்பி வந்தது. நான் செய்ய வேண்டியதைச் செய்கிறேன், பிழை வேறு எங்கோ இருக்கிறது என்று அது திருகோணமலை மட்டும் கத்திக்கொண்டு வந்திருக்கிறது. நாங்கள் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

எப்போது நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அரை மணித்தியாலம் நன்றாக அடித்துவிட்டு நின்று, ஆறினதும் வருகிறதென்றால் சூடு. காப்பெற்றுக்குக் கீழே, சீற்றுக்கு அடியில் காற்றுப் போக வழியில்லாமல் அம்பை அடைத்து வைத்திருப்பார்கள். ஸ்பீக்கர் வயர்களையும் செற்றிலிருந்து வருகிற வயர்களையும் கழற்றின பிறகும் சிவப்பு லைற் போகவில்லையென்றால், அப்போதுதான் அம்புக்குள்ளேயே பழுது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. வான் குலுங்கும்போது மட்டும் நிற்கிறதென்றால் எங்கோ ஒரு இணைப்பு ஆடுகிறது. செற்றிலிருந்து அம்பை எழுப்புகிற மெல்லிய ரிமோட் வயராகவும் அது இருக்கலாம். எங்களுடையதைப் போல ஒவ்வொரு பேஸ் அடிக்கும் சரியாக நிற்கிறதென்றால் பார்க்க வேண்டியவை இரண்டு: போகிற கரண்ட் போதுமா, ஸ்பீக்கர் பக்கத்துச் சுமை அளவுக்கு மிஞ்சினதா.

இது எல்லாம் எனக்கு முதலே தெரியுமென்று நினைக்காதீர்கள். நான் கலைப்பீடம். உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்த நாளிலிருந்து வீட்டில் பல்ப் மாற்றக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. ஆனால் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் எல்லாரும்தானே படித்தோம். அழுத்தம் சமன் ஓட்டம் தர தடை. ஓமின் விதி. அதைப் பாடமாக்கி, கணக்குச் செய்து, புள்ளியும் எடுத்து, சோதனை மண்டபத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்தக் கடையில் நின்ற மூன்று பேரும் அதே விஞ்ஞானம் படித்தவர்கள்தான். சொல்லப்போனால் அண்ணாவுக்கு என்னைவிடக் கூடின புள்ளி.

கலியாண ஹயருக்குப் பிறகு இன்னொரு இடத்துக்குப் போனார். அங்கே சொன்னது இன்னும் மோசம். "வயரில இருக்கிற 40 அம்பியர் பியூஸ் பத்தாது, 80 போடுவம்." இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. பியூஸ் அம்பைக் காப்பாற்ற வைத்ததென்று பலர் நினைக்கிறார்கள். பற்றரிப் பக்கம் வைக்கிற பியூஸ் வயரைக் காப்பாற்ற வைத்தது. வயர் எங்காவது உரஞ்சித் தகரத்தில் பட்டால், பியூஸ் போகாவிட்டால் வயர் எரியும். எங்கட வானில் போட்டிருந்தது வீட்டு வயறிங்குக்குப் பாவிக்கிற 2.5 வயர். வீட்டில் அந்த வயருக்கு வழக்கமாக 20 அம்பியர் பிரேக்கர்தான் போடுவார்கள். ஏற்கெனவே இருந்த 40ஏ அதற்குக் கூட. அதில் 80ஐப் போட்டுவிட்டு, பின்னுக்கு ஆக்களை ஏற்றிக்கொண்டு, காப்பெற்றுக்குக் கீழே அந்த வயரை ஓடவிடச் சொல்கிறார் ஒருத்தர். காவல் நாய் குலைக்கிறது என்று நாயின் வாயைக் கட்டச் சொல்கிற புத்தி.

அண்ணா சம்மதிக்கிற முகத்தோடுதான் நின்றார். சனிக்கிழமை அடுத்த ஹயர் இருந்தது. நான் விடவில்லை.

1,850 ரூபாவுக்கு ஒரு மல்ரிமீற்றர் வாங்கினேன். கடையில் "அண்ணாவுக்கோ தங்கச்சி?" என்று கேட்டார்கள். எனக்கென்று சொன்னேன். அவர் அதன்பிறகும் எப்படிப் பாவிப்பதென்று அண்ணாவைப் பார்த்துத்தான் விளங்கப்படுத்தினார். போகட்டும்.

முதல் நாள் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். எஞ்சினைப் போட்டுவிட்டு, பாட்டில்லாமல், அம்பின் வாயில் அழுத்தத்தைப் பார்த்தேன். 13.5 வோல்ற். புத்தகத்தில் வருகிற மாதிரி ஒரு எண். எல்லாம் சரி, அப்படியென்றால் அம்ப்தான் பிழை, கடைக்காரர் சொன்னது உண்மை என்று ஒரு இரவு முழுக்க நானும் நம்பினேன். சும்மா நிற்கிற வயரில் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு தடை இருந்தாலும் இழப்புத் தெரியாது. ஓமின் விதி, நான் புள்ளி எடுத்த அதே கேள்வி. கஷ்டப்படுகிற நேரத்தில் அளக்காமல் ஆறுதலாக இருக்கிற நேரத்தில் அளந்தால் எல்லாருமே சுகமாகத்தான் இருப்பார்கள்.

அடுத்த நாள் போனில் 50 ஹேர்ட்ஸ் ஒலி தருகிற ஒரு செயலியை இறக்கி, செற்றில் கொடுத்து, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினோம். பாட்டென்றால் பேஸ் வந்து போய்விடும், மீற்றர் அதைப் பிடிக்காது. ஒரே சீரான ஒலியென்றால் எண் நிற்கும். அம்ப் நிற்கப்போகிற தறுவாயில் அதன் வாயில் 10.3 வோல்ற். அதே நேரம் பற்றரியில் 13.3. நடுவில் 3 வோல்ற் காணவில்லை. 12 வோல்ற் சாமானில் 3 வோல்ற்!

தேடுவதும் கஷ்டமில்லை. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையில், மற்றதை அம்பின் நேர் முனையில் வைத்து (ஒரு நீட்டு வயர் வேணும்) அதே ஒலியைப் போட்டால், வயர் தின்கிற அளவு அப்படியே தெரியும். 1.4. பிறகு மறை முனைக்கும் அம்பின் ஏத்துக்கும் இடையில் வைத்தோம். 1.6. ஏத் வயரை சீற் போல்ற் ஒன்றில் முறுக்கியிருந்தார்கள். போல்ற்றைக் கழற்றினால் கீழே பளபளவென்று பெயின்ற். பெயின்ற்றுக்கு மேலே வைத்து இறுக்கின ஏத்! இந்த வயறிங்கைச் செய்தது யாரென்று கேட்காதீர்கள். அதற்கும் 6,000 ரூபா கொடுத்திருந்தோம்.

பெயின்ற்றைச் சுரண்டித் தகரம் வெள்ளையாகத் தெரியுமட்டும் உரஞ்சி, வளையம் வைத்து இறுக்கினோம். வயரை 4 கேஜ் செப்பு வயராக மாற்றினோம். இதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. செப்பு என்று விற்கிற கனக்க வயர்கள் அலுமினியத்துக்கு மேலே செப்புப் பூசினவை. ஒரு இழையை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வையுங்கோ கீழே. அதே தடிப்புக்கு அதன் தடை செப்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பற்றரிக்குக் கிட்ட, ஒன்றரை அடிக்குள், புது வயருக்கு ஏற்ற பியூஸ். அதே ஒலி, அதே சத்தம், அம்பின் வாயில் 12.9 வோல்ற்.

கொண்டாடினோம். பிறகு சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினோம். 'டும்'. சிவப்பு லைற்.

இங்கேதான் அண்ணா மீற்றரைத் தூக்கி எறியப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது ஸ்பீக்கர் பக்கம். எங்கட சப் ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் சமாந்தரமாக இணைத்து, அம்பின் இரண்டு சனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். வயரை அம்பிலிருந்து கழற்றி மீற்றரை வைத்தால் 1.8 ஓம். (4 ஓம் கொயில் மீற்றரில் மூன்றரை போலத்தான் காட்டும், அதில் பயமில்லை.) அம்பின் அடியில், யாரும் வாசிக்காத சின்ன எழுத்தில், பிரிட்ஜ் பண்ணினால் குறைந்தது 4 ஓம் என்று போட்டிருக்கிறது. நாங்கள் கொடுத்தது 2. பிரிட்ஜ் பண்ணும்போது ஒவ்வொரு சனலும் அந்தச் சுமையின் பாதியைத்தான் காணும், அதாவது 1 ஓம். தடை குறையக் குறைய ஓட்டம் கூடும். நாலு பேர் தூக்குகிற மூட்டையை ஒருத்தரின் தலையில் வைத்துவிட்டு அவன் இருந்துவிட்டான் என்று பேசுகிறோம்.

இரண்டு சப்பையும் தொடராக மாற்றினோம். ஒன்றின் மறையிலிருந்து மற்றதின் நேருக்கு ஒரு துண்டு வயர், பத்து நிமிச வேலை. இப்போது 8 ஓம். இதற்குப் பெட்டியில் போட்ட வாற்ஸ் வராது, 4 ஓமில் தருவதின் பாதி போலத்தான் தரும். ஆனால் வலு பாதியாவது காதுக்கு 3 டெசிபல்தான். சத்தம் பாதியாகிவிடும் என்று அண்ணா பயந்தார். போட்டுப் பார்த்தால் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அன்றைக்குப் பிறகு அந்த அம்ப் நிற்கவில்லை.

இப்போது அந்தத் தங்க எழுத்துக்கு வருவோம். 3000 வாற்ஸ். அம்பின் பக்கத்தில் குத்தியிருக்கிற பியூஸ்கள் 25 அம்பியரில் இரண்டு. மொத்தம் 50. வானின் அழுத்தம் நல்லாக இருந்தால் 14.4 என்று வையுங்கள். பெருக்குங்கள். 720 வாற்ஸ். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே இவ்வளவுதான். எங்களுடையது ஏபி வகை. அதில் உள்ளே போவதில் 60 வீதம் சத்தமாக வந்தாலே பெரிய காரியம், மிச்சம் சூடு. ஆக 430 போல. மற்ற 2570 வாற்ஸும் பெட்டியில் அச்சடித்த மையில் இருக்கிறது. அமெரிக்காவில் சிஈஏ-2006 என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 14.4 வோல்ற்றில், 4 ஓமில், 1 வீதத் திரிபுக்குள் வருகிற வாற்ஸ்தான் கணக்கு. அதுகூட விரும்பின கொம்பனிதான் பின்பற்றும். எங்கட கடைத் தட்டில் அப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் கதைப்பதில்லை. அரிசியில் கிலோவுக்கு 140 கிராம் போட்டு விற்றால் அடி விழும். வாற்ஸில் அப்படி விற்றால் 'நல்ல சாமான்'.

பிழை எங்கே என்று தேடாமல் கண்ணில் பட்டதில் போடுவது சவுண்ட் கடையோடு நிற்கிற பழக்கமும் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டுவிட்டதாம், அமைச்சரே சொன்னார். நாங்களும் மீம் போட்டுச் சிரித்தோம். ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு கூட, அதனால் ஒரு அதிர்ச்சியைத் தாங்குகிற நிலையில் தொகுதி இருக்கவில்லை என்ற விளக்கம் மின்சார சபையிடமிருந்து பிறகுதான் வந்தது. அந்த விளக்கத்துக்கு மீம் வரவில்லை. எங்கட வானில் பேஸ் அடிதான் குரங்கு.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் எனக்கு நல்ல பெயர் வரும். ஆனால் இன்னொரு விசயம் இருக்கிறது. முதல் கடைக்குப் போவதற்கு முன்னமே அண்ணா, வயறிங் வேலை தெரிந்த ஒரு வயதான ஐயாவிடம் கேட்டிருந்தார். "கொண்டு வா, அரை நாள் எடுத்துப் பாப்பம், 2,000 தா" என்றிருக்கிறார் அவர். "சும்மா பாக்கிறதுக்கு 2,000 ஆ?" என்று சொல்லிவிட்டு அண்ணா 38,000 கொடுக்கிற கடைக்குப் போனார். பெட்டியோடு கையில் ஒரு சாமான் வந்தால் காசு கொடுப்போம். "பிழை இதிலதான்" என்ற ஒரு வசனம் மட்டும் வந்தால் கொடுக்க மாட்டோம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் ஒருத்தன் ஏன் பார்க்கப் போகிறான்? அவனுக்கும் கடை வாடகை இருக்கிறது, 2022க்குப் பிறகு இறக்கின சாமானின் விலை அவன் தலையிலும் இருக்கிறது. பெட்டி விற்றால்தான் மாதம் ஓடும். அரை நாள் வானுக்குள் குனிந்து கிடந்து, ஏத் போல்ற்றில் பெயின்ற் இருக்கிறது என்று கண்டுபிடித்தால், நாங்கள் "இதுக்கோ காசு?" என்று கேட்போம். அந்த ஐயா இப்போது இந்த வேலையையே விட்டுவிட்டாராம்.

அதற்காகக் கடையை விட்டுவிடவும் சொல்லவில்லை. மாற்றச் சொல்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பேஸ் அடிக்கேக்க அம்பின்ர வாயில எத்தினை வோல்ற் வருது அண்ணை?" மீற்றரை எடுத்தாரென்றால் அந்த மனிசனுக்குப் பார்த்த கூலியைக் கொடுங்கள், பேரம் பேசாமல். முகத்தைச் சுளித்தாரென்றால் வெளிக்கிடுங்கள்.

எல்லாம் சரிவந்த பிறகு நானும் அண்ணாவும் அந்த முதல் கடைக்குத் திரும்பப் போனோம். சண்டைக்கு இல்லை. பழைய அம்ப் நல்ல அம்ப் என்று இப்போது எங்களுக்கு நிச்சயம். அதைப் பூட்டிக்கொண்டு புதுசை விற்றால் பாதிக் காசாவது வரும்.

"நீங்கள் தந்த 3,000ஐத் திருப்பித் தாறம், பழைய அம்பைத் தாங்கோ" என்றார் அண்ணா.

"அதை அப்பவே வித்துப்போட்டம் தம்பி."

"போன அம்பை எப்பிடி வித்தனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு ஓட்டோக்காரர் ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லுங்கோ அண்ணை" என்று அவரிடம் போய்விட்டார்.